அளபெடைக் காலம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு உண்ட களைப்போடு மகளுடைய மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு பழைய கோப்பை இரண்டு தடவை சொடுக்கினேன். அது திறக்க மாட்டேன் என்றது. இது மிகப் பழைய வகைக் கோப்பு, பாதுகாப்புக் கருதித் தடுத்து வைத்திருக்கிறேன் என்று ஒரு கட்டம் போட்டு அறிவித்தது. ஒரு கணினி என் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று! பள்ளிக்கூடத்தில் என்னோடு ஓயாமல் சண்டை பிடித்த ஒருவனை முப்பது வருடம் கழித்துப் பாசாவில் மீன் வாங்கும் இடத்தில் கண்டதுபோல, கோபம் வருவதற்குப் பதிலாக எனக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கண்ணும் லேசாகக் கலங்கியது.

"என்னப்பா, கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சா?" என்று மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"இல்லம்மா. இப்பதான் சரியா இருக்கு" என்றேன்.

அவளுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியலாம், நீங்களும் என் வயதுக்காரராக இருந்து, மின்னஞ்சலோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு கோப்பைத் திறப்பதற்காக ஒரு முழு சாயங்காலத்தைச் செலவிட்டிருந்தால்.

எங்கள் ஊர் சாஆ. ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் மாவட்டத்தில், யோங் பெங்குக்கும் லாபிஸுக்கும் நடுவே பழைய கூட்டரசுச் சாலையோரம் இருக்கிறது. தமிழில் இந்தப் பெயரை எழுதிப் பார்க்கிறவர்கள், அச்சுக்கோப்பவர் தூங்கிவிட்டாரோ என்று ஒரு கணம் சந்தேகப்படுவார்கள். எங்கள் தமிழ்ப் பள்ளி ஆசிரியருக்கோ இது தனிப்பெருமை. "செய்யுள்ல ஓசை குறைஞ்சா நெடில் நீளும். நீண்டதுக்கு அடையாளமா பக்கத்துல அதோட குறில் வந்து நிக்கும். அதுதான் அளபெடை. அந்தக் கணக்குப்படி 'சாஅ'ன்னு வந்தா போதும். நம்ம ஊர்ல நெடிலே வந்து உக்காந்துக்கிச்சு. இலக்கணத்துக்கே அடங்காத இழுவைடா நம்ம ஊரு!" என்பார். கடைசி 'ஆ'வைச் சோம்பலில் விட்டுவிட்டு 'சா' என்று மட்டும் எழுதியவனுக்கு அன்று அடி நிச்சயம். "ஊரையே சாகச் சொல்றியா? அந்த உயிரெழுத்துதான்டா இந்த ஊருக்கு உயிரு." அடிவாங்கிய கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே நாங்கள் சிரிப்போம். ஓர் உயிரெழுத்தைக் காணாமல் போக விடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது, பின்னாளில் வேறு வழியில் எனக்குத் தெரியவந்தது.

அப்பா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணி. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது, சாயங்காலம் பால் நிறுத்த கணக்கைப் புத்தகத்தில் ஏற்றுவது அவருடைய உத்தியோகம். இரவு விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து லயத்துக்காரர்களுக்குக் கடிதம் வாசித்துக் காட்டுவது சம்பளமில்லாத உத்தியோகம். சேலம், நாமக்கல், திருச்சி பக்கத்திலிருந்து நீல நிற வானஞ்சல் தாள்கள் வரும். அந்தத் தாளை நினைவிருக்கிறதா? தாளும் அதுவே, உறையும் அதுவே. மூன்று பக்கமும் பசை ஒட்டி, மடித்த மடிப்புக்குள்ளும் இண்டு இடுக்கு விடாமல் எழுதியிருப்பார்கள். அவசரப்பட்டு இழுத்தால் மடிப்போரத்தில் இருந்த மூன்று வரி கிழிந்து தனியே வந்துவிடும். அம்மாவுக்கு உடம்பு எப்படி என்பதும், நிலத்தை எழுதிக் கொடுத்தது யாருக்கு என்பதும் எப்போதும் அந்த மூன்று வரியில்தான் இருக்கும். அப்பா சவர பிளேடை வைத்து, அறுவை மருத்துவர் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு ஓரம் ஓரமாக அறுப்பார். சுற்றிலும் பத்துப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். கணினிகள் பிற்பாடு ஆயிரம் விதமாக எனக்குக் காட்டிய அந்தத் திறப்புப் பிழையை, எட்டு வயதில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் முதன்முதலாகப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். அப்பா எல்லாவற்றையும் வாசிப்பதில்லை. சாவுச் செய்தியை 'உடம்பு சௌகரியமில்லை' என்று ஆக்கி, மறுநாள் தனியே கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுச் சொல்வார். திட்டி எழுதியிருந்தால் அந்த இடத்தில் இருமுவார். கிழிந்துபோன வரிகளை அவரே இட்டு நிரப்புவார்: "எல்லாரும் சௌக்கியம், மழை நல்லா பேஞ்சுச்சாம்." மழை பெய்யாத கடிதத்தை அப்பா வாசித்து நான் கேட்டதே இல்லை.

பிறகு பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதுமாகத் திறந்ததும், அதுவரை எங்கள் ஊர் வழியாகத் தவழ்ந்து, ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துப் போன கார்களெல்லாம் யோங் பெங்கோடு மேற்கே திரும்பிப் பறந்துவிட்டன. போனவை கார்கள் மட்டுமா? எங்கள் பிள்ளைகளும்தான். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும், துணிந்தவர்கள் கடல் கடந்தும் போனார்கள். போனவர்கள் கடிதம் எழுதவில்லை, மின்னஞ்சல் எழுதினார்கள். அதைத் திறக்க ஊரில் ஆள் வேண்டியிருந்தது. சின்னக் கிராணியின் மகனாகப் பிறந்த எனக்கு அந்த வேலை பரம்பரையாக வந்து சேர்ந்தது.

1999-ல் சாஆ கடைத்தெருவில் ஒரு சீனத் தவுக்கே, பாதிக் கடையில் தட்டுமுட்டுச் சாமானும் மீதிப் பாதியில் நான்கு கணினியும் வைத்தார். நான் அந்த மீதிப் பாதிக்கு ராஜா. மணிக்கு மூன்று வெள்ளி. ஊருக்கே ஒரு மின்னஞ்சல் முகவரி, அது கடையினுடையது. மோடம் பெட்டி கரகரவென்று கத்தி, கீச்சிட்டு, பிறகு பேய் ஓட்டியதுபோல் திடீரென்று அடங்கும்போது, வரிசையில் நிற்கிறவர்கள் "கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு" என்பார்கள். இருபத்தேழு வயது. சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் ஒரு சாவிக் கொத்து. எந்தக் கோப்பையும் திறப்பேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம். இப்போது நினைத்தால் அந்தப் பையனை ஓங்கி அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

உண்மையில் மின்னஞ்சல் என்பது வெறும் ஆங்கில எழுத்தைச் சுமக்கப் பிறந்த வண்டி. படமும் பாட்டும் அதற்கு வேண்டாத விருந்தாளிகள். 1992 மார்ச் 11 அன்று நதானியேல் போரன்ஸ்டைன் என்கிற அமெரிக்கர், தாம் சேர்ந்து பாடிய நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் ஓர் அஞ்சலோடு இணைத்து அனுப்பிக் காட்டினார். இணைப்பு என்று நாம் இன்று சொல்லும் முறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. சூட்சுமம் என்னவென்றால், படத்துக்கு எழுத்து வேடம் போட்டு அனுப்புவது. மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றி அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் வேடத்தைக் கலைக்க வேண்டும். ஆகவே மூன்று படி அரிசி அனுப்ப நாலு படி மூட்டை. எங்கள் கம்பியில் ஒரு கல்யாணப் படம் இறங்கப் பத்து நிமிடம் ஆகும். மேலேயிருந்து கீழாக, முதலில் மண்டப விளக்கு, பிறகு மாப்பிள்ளையின் தலைப்பாகை, பிறகு நெற்றி என்று வந்துகொண்டிருக்கும்போது, மத்தியான மழைக்கு இடி இடிக்கும், தவுக்கே ஓடிவந்து கம்பியைப் பிடுங்குவார். மாப்பிள்ளை மூக்கோடு நின்றுபோவார். பி.டி.எஃப். வாசிக்கிற மென்பொருள் சொல்லும் பிழைச் செய்தி இன்னும் எனக்கு மனப்பாடம்: கோப்பு பழுதாகியிருக்கிறது, ஒருவேளை மின்னஞ்சல் இணைப்பாக வந்து சரியாக அவிழாமல் போயிருக்கலாம் என்று அதுவே நோயையும் சொல்லிக் காரணத்தையும் சொல்லும். நாட்டு வைத்தியரைப் போல, மருந்தை மட்டும் சொல்லாது.

மருந்து என்னிடம் இருந்தது. பெயரின் வால் எழுத்துகள் உதிர்ந்து வந்த கோப்புக்கு வாலை ஒட்ட வைப்பேன். நேரே திறக்க மறுப்பதை முதலில் வட்டில் இறக்கி, பிறகு திறப்பேன். பெரிய கோப்பைச் சுருக்கி மறுபடி அனுப்பச் சொல்வேன். அந்தக் காலத்து இலவச அஞ்சல் பெட்டியில் மொத்த இடமே 2 மெகாபைட்தான், ஒரு குடும்பப் படம் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். ஒருமுறை ஒரு தோட்ட அலுவலகத்திலிருந்து மோட்டார் சைக்கிள் அனுப்பி என்னை அழைத்துப் போனார்கள். தலைமையகத்திலிருந்து தினமும் ஒரே பெயரில் வரும் வருகைப் பட்டியல் அன்று திறக்கவே இல்லை. நானும் தலையைச் சொறிந்து, மூன்று கோப்பை தே தாரிக் குடித்துவிட்டுக் கண்டுபிடித்தேன்: அந்த அஞ்சல் மென்பொருள் திறக்கிற ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு நகலை ஒளிவான அறையில் போட்டு வைக்கும், ஒரே பெயரில் தொண்ணூற்றொன்பது நகல் சேர்ந்துவிட்டால் அதற்குமேல் எண்ணத் தெரியாமல் வேலைநிறுத்தம் செய்யும். அறையைக் கூட்டிப் பெருக்கினேன், திறந்துகொண்டது. பெரிய கிராணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா இருபத்தைந்து வருடம் அந்த மேசைக்கு முன்னால் நின்றபடியே பேசியவர். எனக்கு நாற்காலி போட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் தமிழ் என்று வந்துவிட்டால் என் கெட்டிக்காரத்தனமெல்லாம் செல்லாது. அப்போது தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு குறியீடு. எங்கள் மலேசிய மண்ணில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் எங்கள் கடையில் இருந்தது. உலகத் தமிழர்கள் மடல் எழுதி மடல் எழுதியே விவாதித்து உருவாக்கிய திஸ்கி என்னும் குறியீட்டை அது படிக்கும். சென்னையில் 1999-ல் நடந்த மாநாட்டிலோ டாம் என்றும் டாப் என்றும் வேறு இரண்டைப் பெற்றெடுத்தார்கள். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் திறந்தால் திறக்கும், ஆனால் தமிழாக இராது.

எழுத்துரு இல்லாத கணினியில் திஸ்கித் தமிழ் எப்படித் தெரியும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 'தமிழ்' என்ற சொல்லின் முதல் எழுத்தான 'த' இருக்கிறதே, அது முக்கால் என்கிற பின்னக் குறியாக மாறிவிடும். இகர மேல்விலங்கு காசுக் குறியாக நிற்கும். தமிழ் முக்கால் காசு பெறாது என்று யாரோ வேண்டுமென்றே எழுதியதுபோல இருக்கும். 'அம்மா' என்று எழுதினால் கடைசிக் கால் தலைகீழான வியப்புக்குறியாகிவிடும். எங்கள் ஊர்ப் பெயரோ, உயரத்தில் ஒரு சிறு சுழி, ஒரு தலைகீழ் வியப்பு, கடைசியில் தர்க்கவியலில் 'இல்லை' என்பதற்குப் போடும் மறுப்புக்குறி. எந்த 'ஆ' ஊருக்கு உயிர் என்று ஆசிரியர் அடித்துச் சொல்லிக்கொடுத்தாரோ, அந்த 'ஆ'தான் மறுப்புக்குறி. அவர் அதைப் பார்த்திருந்தால் பிரம்பைத் தேடிக்கொண்டு கணினியிடம் போயிருப்பார்.

இதில் உச்சம், எழுத்துருவையே இணைப்பாக அனுப்புகிற புண்ணியவான்கள். அதோடு ஒரு குறிப்பும் வரும். 'இந்த எழுத்துருவைப் பதிந்துகொண்டால்தான் இந்த மடலைப் படிக்க முடியும்' என்று அந்தக் குறிப்பையும் அதே எழுத்துருவில் எழுதியிருப்பார்கள். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டி அனுப்புவது நம் இனத்துக்கே உரிய தாராளம். அப்புறம் என்ன, தொலைபேசியை எடுத்து, "அண்ணே, ஒன்னும் புரியல, என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். அவர் வாசிப்பார். வாசிக்கும்போதே தொண்டை அடைக்கும், சிரிப்பார், எழுதாததையும் சொல்வார். அரைமணி நேரம் பேசி முடித்தபின், "சரி, ஃபைல மறுபடி அனுப்பட்டா?" என்பார். "வேணாம்ணே, அதான் பேசிட்டமே." எத்தனை உறவுகள் அந்த முக்கால் காசுக் குறிகளால் ஒட்டிக்கொண்டிருந்தன என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

திறந்து கெட்ட கதையும் உண்டு. 2000-ம் ஆண்டு மே மாதம் எனக்கு ஒரு காதல் கடிதம் வந்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களுக்கு வந்தது என்பது பிற்பாடுதான் தெரியும். மணிலாவிலிருந்து கிளம்பிய அந்த நச்சுநிரல், 'உன்னை நேசிக்கிறேன்' என்று தலைப்பிட்டு, காதல் கடிதம் என்றே பெயர் சூட்டிய ஓர் இணைப்போடு வந்தது. எனக்கு அதை அனுப்பியவர் உரம் விற்கிற ஒரு கம்பெனியின் கணக்கர். ஐம்பத்தைந்து வயது, வழுக்கைத் தலை, மாதா மாதம் பாக்கியை நினைவூட்டுவதைத் தவிர என்னிடம் வேறு வார்த்தை பேசியறியாதவர். ஒரு கணம் யோசித்திருக்கலாம். கல்யாணம் ஆகாத பையனுக்கு யோசனை எங்கே வரும்? அவருடைய மகள் அப்பாவின் முகவரியைப் பயன்படுத்துகிறாளோ என்று ஒரு கதை மனத்தில் ஓடி, கை சொடுக்கிவிட்டது. கோப்பின் நிஜமான வாலைக் கணினி வழக்கம்போல மறைத்துவிட்டதால் அது பார்வைக்கு வெறும் எழுத்துக் கோப்பாகத் தெரிந்தது. அந்தக் காதல் எங்கள் கடைக் கணினியில் இருந்த படக் கோப்புகளையெல்லாம் தின்று, அவற்றின் இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டது. ஊர்க்காரர்களின் மூக்குவரை இறங்கிய மாப்பிள்ளைகளும், முழுதாக இறங்கிய பேரப்பிள்ளைகளும் ஒரே சாயங்காலத்தில் போனார்கள். தவுக்கே என்னைத் திட்டவில்லை. "தம்பி, நீ கல்யாணம் பண்ணிக்கோ" என்று மட்டும் தமிழில் சொன்னார்.

இனி அந்தப் பழைய கோப்புக்கு வருகிறேன்.

தோட்டத்தில் எங்களையெல்லாம் ஆயாக்கொட்டகையில் போட்டு வளர்த்த ஒரு மூதாட்டி இருந்தார். தாய்மார்கள் விடியுமுன் பால் வெட்டப் போய்விட, தூளியில் கிடந்த இருபது முப்பது பிள்ளைகளுக்கும் அவர்தான் தாய். சொந்தப் பெயர் அடையாளக் கார்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் ஆயா. அவருடைய ஒரே மகன் மெல்பர்னுக்கு வேலைக்குப் போயிருந்தான். 2001-ல், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவனிடமிருந்து கடை முகவரிக்கு ஓர் அஞ்சல் வந்தது. அஞ்சலில் ஒரு வார்த்தை இல்லை, இணைப்பு மட்டும். யாரோ நண்பர் வீட்டில், சென்னையில் செய்த மென்பொருளில் அடித்திருக்கிறான். அந்த வருடம்தான் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்து, எந்தக் குறியீடு நல்லது என்று அறிஞர்கள் பேசிக் கலைந்திருந்தார்கள். சாஆவில் எனக்கு எதிரே மர நாற்காலியில் ஆயா உட்கார்ந்திருந்தார். வெற்றிலை போட்ட வாய், புதுச் சேலை, மடியில் மூன்று வெள்ளி.

நான் என் மருந்துகளை எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். இருந்த எழுத்துருக்கள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டேன். திரை முழுக்கக் கொக்கிகளும் சுழிகளும்தான். வரிசையில் நாலு பேர் நிற்கிறார்கள். ஆயா என் முகத்தையே பார்க்கிறார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். வானஞ்சல் தாளின் ஓரத்தை அப்பா அறுக்கும்போது வாசலில் நின்ற பத்து முகங்களில் ஒன்று அது. எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பேனா குத்திய சட்டைக்காரனுக்கு அது மானப் பிரச்சினை. திரையில் விரலை வைத்து, வரிவரியாக நகர்த்தி, வாசித்தேன்:

"அன்புள்ள அம்மாவுக்கு. நான் நல்லா இருக்கேன். இங்க மழை நல்லா பேயுது. தீபாவளிக்கு வர்றேன்."

மழை எப்படி வந்தது என்கிறீர்களா? அப்பாவிடமிருந்து வந்தது. தீபாவளி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

ஆயா அன்றைக்கே மாவு இடித்தார். மறுவாரம் கடைப்பக்கம் போகும்போதெல்லாம் அச்சுமுறுக்கு வாசனை. சுவருக்குச் சுண்ணாம்பு. ஊரெல்லாம் "மவன் வர்றான்" என்ற செய்தி. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒருநாள் இரவு கடையைச் சாத்தியபின், தமிழை ஆங்கில எழுத்தில் போட்டு, பிழையாக வர வழியே இல்லாதபடி, அவனுக்கு நாலு வரி எழுதினேன். நீங்கள் தீபாவளிக்கு வருகிறீர்கள் என்று ஆயாவிடம் சொல்லிவிட்டேன், முறுக்குச் சுட்டுவிட்டார், தயவுசெய்து வாருங்கள். இணைப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. மானப் பிரச்சினை மெல்பர்ன் வரைக்கும் இருந்தது. ஒரே வார்த்தையில் பதில் வந்தது: சரி.

தீபாவளியன்று மத்தியானம் அவன் சிப்பாங் விமான நிலையத்திலிருந்து பஸ் பிடித்து, யோங் பெங்கில் மாறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். அதற்கடுத்த இரண்டு தீபாவளிக்கும் வந்தான். மூன்றாவதுக்கு ஆயா இல்லை. அதன்பிறகும் சாஆ பக்கம் வரும்போதெல்லாம் என்னைத் தேடி வந்து, ஒரு சாக்லெட் பெட்டியைக் கொடுத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க அன்னைக்குச் செஞ்சத நான் மறக்க மாட்டேன்" என்பான். மூன்று வெள்ளி வாங்காமல் வாசித்ததைச் சொல்கிறான் என்று நினைத்து நானும் பெருந்தன்மையோடு தலையாட்டுவேன்.

அதற்குள் உலகம் சீராகிவிட்டது. ஒருங்குறி வந்து எல்லாக் குறியீடுகளையும் விழுங்கிற்று. விண்டோஸ் 2000-லேயே லதா என்னும் எழுத்துரு குடியேறியிருந்தது, எங்கள் ஊருக்கு வந்துசேரத்தான் சில வருடம் பிடித்தது. 2004 ஏப்ரல் முதல் தேதி ஜிமெயில்காரர்கள் ஒரு ஜிகாபைட் இடம் தருவதாகச் சொன்னபோது முட்டாள்கள் தினத்துக் கேலி என்றே நானும் நினைத்தேன். முத்து நெடுமாறனின் செல்லினம் கைப்பேசிக்கே தமிழைக் கொண்டுவந்தது. இப்போது என் பேத்தி திரையில் விரலைத் தடவினால் படம் வருவதற்கு முன்பே பார்த்து முடித்து அடுத்ததற்குப் போய்விடுகிறாள். மாப்பிள்ளை தலைப்பாகையிலிருந்து மூக்குக்கு இறங்கி வருகிற அந்தப் பத்து நிமிட ஆவல், அந்த இழுவை, அந்த அளபெடை எங்கும் இல்லை. கணினி இப்போது ஒரே ஒரு மஞ்சள் பட்டையைக் காட்டி, இது வெளியிலிருந்து வந்தது, நம்புகிறாயா என்று மட்டும் மரியாதையாகக் கேட்கிறது.

வேடிக்கை என்னவென்றால், எதைத் திறப்பது என்பது வித்தையாக இருந்த காலம் போய், எதைத் திறக்காமலிருப்பது என்பது வித்தையாகிவிட்டது. முன்பு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, கணவன் மனைவியாக வந்து கொடுப்பார்கள், வாங்காவிட்டால் பகை. இன்று வாட்ஸ்அப்பில் 'கல்யாண அழைப்பிதழ்' என்று ஏ.பி.கே. கோப்பாக வருகிறது, தொட்டால் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் என்று போலீஸ் எச்சரிக்கிறது. "அப்பா, யார் அனுப்பினாலும் தொறக்காதீங்க. சொந்தக்காரங்க அனுப்பினாலும்தான்" என்று மகள் வாரத்துக்கு ஒருதரம் எனக்கு வகுப்பெடுக்கிறாள். சாஆவின் முதல் இணைப்புத் திறப்பாளனுக்கு!

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அலமாரியைத் துப்புரவு செய்தபோது கடைக் காலத்துக் குறுவட்டு ஒன்று கிடைத்தது. அதில் அந்தக் கோப்பு இருந்தது. வெட்கத்தில் அழிக்காமல் வைத்திருக்கிறேன் போலும். கணினி தடுத்ததும் பழைய கை தானாகவே வேலையைத் தொடங்கியது. அமைப்புகளுக்குள் போய்த் தடையை நீக்கினேன். அதே கொக்கி, அதே சுழி. எழுத்துரு மாற்றி ஒன்றில் வெட்டி ஒட்டினேன். தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் இருபது வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த ஆறு வரி தமிழாக நின்றது.

மழையைப் பற்றி ஒன்றுமில்லை. லீவு கிடைக்கவில்லை, தீபாவளிக்கு வர முடியாது, பணம் அனுப்பியிருக்கிறேன். கடைசி இரண்டு வரி எனக்கு எழுதியது: அண்ணே, இதை வாசித்தால் அம்மா அழும். பொங்கலுக்கு வருவான் என்று நீங்களாகச் சொல்லிச் சமாளியுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆக, அவன் என்னிடம் பொய்தான் கேட்டிருக்கிறான். நான் அது தெரியாமலே பொய் சொல்லியிருக்கிறேன், பண்டிகைதான் மாறிவிட்டது. அவன் கணக்கில், நான் கடிதத்தை முழுக்க வாசித்து, சமாளிக்கச் சொன்ன சாக்கை மனசு வந்து மாற்றி, பொங்கலைத் தீபாவளியாக்கி, அவனைப் பெற்றவளிடம் இழுத்து வந்த தந்திரசாலி, புண்ணியவான். ஓர் எழுத்துருப் பிழை வாங்கிக்கொடுத்த நற்பெயரில் இத்தனை வருடம் சாக்லெட் தின்றிருக்கிறேன்.

மனசாட்சி உறுத்த, அன்று சாயங்காலமே அவனுக்கு வாட்ஸ்அப்பில் அந்தக் கோப்பை அனுப்பி, 'இதை இன்றைக்குத்தான் திறந்தேன்' என்று கீழே எழுதினேன். தமிழ் பளிச்சென்று போயிற்று. இரண்டு நீலக் கோடு. சற்று நேரத்தில் அவன் கூப்பிட்டான். மெல்பர்னில் ராத்திரி, குரலில் தூக்கம்.

"அண்ணே, என்னமோ ஃபைல் அனுப்பியிருக்கீங்க. என் போன்ல ஒரே கொக்கி கொக்கியா வருது. ஒன்னும் புரியல. என்ன எழுதியிருக்கு அதுல?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது.

"ஒன்னுமில்லப்பா. எல்லாரும் நல்லா இருக்கோம். இங்க மழை நல்லா பேயுது" என்றேன். "தீபாவளிக்கு வந்துரு."